ஆர்வி-10 விமானத்துக்கு வாங்கிய சென்டர் கன்சோல் கிட்: ஐந்துக்கு மூன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான். அதில் இரண்டு அதன் வடிவத்துக்கு, ஒன்று ஒரு கீறல்கூட இல்லாமல் பேக் பண்ணி அனுப்பியதற்கு. விற்றவர் பெயரைப் போட மாட்டேன், ஒன்றிரண்டு பேர் சேர்ந்து செய்கிற சின்னத் தொழில், என் ஒருத்தன் புலம்பலால் அவர்கள் பிழைப்பு கெட வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கலாம். பாதிக்கு மேல் வேலையை, பொழுதுபோக்குக்காகவோ கற்றுக்கொள்வதற்காகவோ, நீங்களே செய்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. இங்கே எல்லோரும் 51 சதவீத விதி என்பார்கள். நான் இலினாயில் ஒரு வாடகை ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், கட்டிக்கொண்டிருப்பது ஆரிகனில் இருக்கும் வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10. நான்கு பேர் உட்காரலாம், இறக்கை கீழே இருக்கும், லைகமிங் ஐஓ-540 இன்ஜின், 260 குதிரைத்திறன். முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே தரையில் ஒரு அலுமினிய டனல் ஓடுகிறது. பெட்ரோல் குழாய், பூஸ்ட் பம்ப், ஃபில்டர், பிரேக் குழாய், ஹீட்டர் ஹோஸ் எல்லாம் அதற்குள்ளேதான். அதன் மேல் மூடியில் பெட்ரோல் வால்வின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். மொட்டையாக விட்டாலும் விமானம் பறக்கும், ஆனால் பார்க்க ஏதோ லாரியின் கியர்பாக்ஸ் மாதிரி இருக்கும். அதனால்தான் கையை வைக்க ஒரு ஆர்ம்ரெஸ்ட், இரண்டு கப் ஹோல்டர், ஹெட்செட் ஜாக், சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒரு கன்சோல் போட்டுக்கொள்கிறோம்.

கிட்டின் விலை எனக்கு 640 டாலர் ஆனது. கார்பன் ஃபைபரிலும் கிடைத்தது, நான் கண்ணாடி இழையையே எடுத்தேன். கார்பன் மின்சாரம் கடத்தும், வெறும் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்து கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும், நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடித் துணி போட்டுப் பிரிக்க வேண்டும். பளபளப்புக்காக அந்த வம்பு எதற்கு?

பெட்டியைப் பிரித்ததும் சந்தோஷம்தான். வளைவுகள் நிஜமாகவே அழகு, சுவர் கனம் எல்லா இடத்திலும் ஒரே சீர். டனல் மேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் 3 மில்லிமீட்டருக்குள் உட்கார்ந்தது. அன்றைக்கே நட்சத்திரம் போட்டிருந்தால் ஐந்து போட்டிருப்பேன்.

சிக்கல் வால்வில் ஆரம்பித்தது. ஆர்வி-10இல் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க், சேர்த்து 60 காலன். செஸ்னா 172 மாதிரி இரண்டையும் சேர்த்துத் திறக்கிற நிலை இதில் கிடையாது. இடது, வலது, ஆஃப், அவ்வளவுதான். அதனால் இரண்டு டேங்கும் சமமாகக் குறைய, பறக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவையாவது கை கீழே போய் அந்தப் பிடியைத் திருப்பியாக வேண்டும். இந்த கிட்டில் அந்தப் பிடியை ஒரு குழிக்குள் இறக்கி, அதற்குச் சரியாகப் பின்னால் ஆர்ம்ரெஸ்டின் விளிம்பை நிறுத்தியிருக்கிறார்கள். படத்தில் பார்த்தால் பிரமாதம். உட்கார்ந்து திருப்பினால் விரல் முட்டி விளிம்பில் இடிக்கிறது, பிடி முழுசாகத் திரும்பாமல் பாதியில் நிற்கிறது. பாதியில் நிற்கிற பெட்ரோல் வால்வு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

என் மனைவியை வலது சீட்டில் உட்காரவைத்து, திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பக்கூட இல்லை. "ஏங்க, இது எந்தப் பக்கம் காட்டுதுன்னே இங்கேருந்து தெரியலையே" என்றாள். கப் ஹோல்டரின் உதடு மறைத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் கிட்டை அப்படியே போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

நான் இதற்கு இவ்வளவு பதறக் காரணம் உண்டு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார் அல்லவா, அவர் ஓட்டியதும் ஒருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி என்ற சிறிய விமானம். அதை வடிவமைத்த பர்ட் ரூட்டானின் வரைபடத்தில் பெட்ரோல் வால்வு விமானியின் கை எட்டும் இடத்தில் முன்னால்தான் இருந்தது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார், எந்த நிலை எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் அந்த வால்வின் இடமும் ஒன்று. வீட்டில் கட்டும் விமானத்தில் எதை எங்கே வைப்பது என்று நாமே முடிவு செய்யலாம், அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் பாதிப் பேர் இதில் இறங்குகிறோம். வால்வு விஷயத்தில் மட்டும் அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டாம்.

சரி, என்ன செய்தேன்? முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பழைய டிவி பெட்டி அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, கன்சோலின் மாதிரி ஒன்றைச் செய்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தேன். குளிர்கால ஜாக்கெட்டோடும் உட்கார்ந்து பார்த்தேன், அதில்தான் சட்டைக்கையின் நுனி பிடியில் மாட்டுவது தெரிந்தது. ஆர்ம்ரெஸ்டை 7 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினால் கை தாராளமாகத் திரும்பியது. அப்புறம் கிட்டை ரம்பத்தால் இரண்டு துண்டாக்கினேன். 640 டாலரில் முதல் வெட்டு விழும்போது வயிற்றைக் கலக்கியது, மறைக்க மாட்டேன். வால்வைச் சுற்றி இருந்த குழியை எடுத்துவிட்டுச் சமதளமாக மூடி, முன் கப் ஹோல்டர் இரண்டையும் பின்னால் கொண்டுபோனேன். எப்படியும் சுவிட்சுகளுக்கு மேலே காபியை நிறுத்துவது நல்ல யோசனை இல்லை.

கிட்டோடு வந்த தாளில், பசை போட்டு டனலோடு ஒட்டிவிடச் சொல்லியிருந்தது. தயவுசெய்து ஒட்டாதீர்கள். 12 மாதத்துக்கு ஒரு முறை, விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, அப்போது பம்ப், ஃபில்டர், பிரேக் குழாய் இணைப்பு எல்லாம் பார்க்க டனலைத் திறந்தாக வேண்டும். நான் நட்பிளேட் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் நட் பொருத்திய சின்னத் தகடு) அடித்து எட்டு ஸ்க்ரூவில் நிறுத்தியிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் கையோடு வந்துவிடும்.

இனி ஃபினிஷிங். கதை நீளும், ஏனென்றால் என் குளிர்காலம் முழுக்க அங்கேதான் போனது. வெட்டிய துண்டுகளை ஒட்டுவதற்கு வெஸ்ட் சிஸ்டம் எபாக்சி, அதாவது இரண்டைக் கலந்தால் இறுகும் பசை: 105 ரெசின், 205 ஹார்டனர். ஐந்துக்கு ஒன்று என்ற அளவு, அவர்களுடைய பம்பில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்து அழுத்தினால் கணக்கு தானே சரியாக வரும். இந்தப் பொருளுக்கு என்னிடம் ஐந்துக்கு ஐந்து. ஒரே விஷயம், குளிரில் மெதுவாக இறுகும், இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதை வெறும் தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். முதல் தடவை கழுவாமல் உப்புத்தாளைப் போட்டேன், பிசுக்கு தாளில் அப்பிக்கொண்டு நாலு தாள் வீண்.

அதற்கு மேல் பட்டி பார்க்கிற வேலை. கார் டிங்கரிங் கடையில் பார்த்த அதே வேலைதான், பட்டிக்குப் பதிலாக எபாக்சியில் மைக்ரோபலூன் என்கிற எடையே இல்லாத வெள்ளைத் தூளைக் குழைத்துப் பூசுகிறோம், வேர்க்கடலைச் சட்னி பதத்துக்கு. 80ஆம் நம்பர் தாளில் தேய், திரும்பப் பூசு, திரும்பத் தேய். கை வைத்தால் வழவழவென்று இருக்கும். பிரைமர் அடித்த அடுத்த நிமிஷம் நூறு ஊசித்துளை கண் திறந்து பார்க்கும். அதில் திரும்பத் திரும்ப பிரைமர் அடித்து மூட நினைக்காதீர்கள், மூடாது, துளைக்குள் இருக்கும் காற்று பெயின்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஹேங்கர் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எதுவும் கலக்காத எபாக்சியைப் பழைய கிரெடிட் கார்டால் அழுத்தி வழித்து எடு என்றார். இரண்டு தடவை வழித்ததில் முக்கால்வாசி துளை போயேபோச்சு. மீதியை டெக்ஸ்சர் பெயின்ட் மறைத்தது. சொரசொரப்பான பெயின்டைக் கண்டுபிடித்தவர் நன்றாக இருக்க வேண்டும்.

நிறம் கறுப்பு வேண்டாம் என்று சாம்பலுக்குப் போனேன். வீட்டுச் சூட்டில் இறுகிய எபாக்சி வெயிலில் இளகும். ஜூலையில் ராம்பில், அதாவது விமானம் நிறுத்தும் திறந்தவெளியில், நிற்கும்போது மேலே வெயில், பறக்கும்போது கீழே டனலுக்குள் இன்ஜின் பக்கத்துச் சூடு. ஆர்வி-10 வைத்திருப்பவர்கள் எல்லோரும் டனல் சூட்டைப் பற்றிப் புலம்புவார்கள்.

ஆர்ம்ரெஸ்ட் குஷனுக்கு உள்ளூர் கார் சீட் கடை ஒன்றுக்குக் கொடுத்தேன். குஷன், பெயின்ட் எல்லாம் 51 சதவீதக் கணக்கில் வராது, வெளியே கொடுக்கலாம். தையல் அருமை, ஆனால் துணி? கார் துணிக்கு அமெரிக்க விதி, படுக்கவைத்துத் தீ வைத்தால் நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரியக் கூடாது என்கிறது. அதாவது மெதுவாக எரியலாம்! பயணிகள் விமானத் துணியையோ செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 விநாடி தீ காட்டுவார்கள், தீயை எடுத்ததும் தானே அணைய வேண்டும். என் விமானத்துக்கு அந்த விதி கட்டாயம் இல்லைதான், இருந்தாலும் மிச்சத் துணியை வெளியே எடுத்துப்போய் லைட்டரைக் காட்டினேன். துணி அணைந்தது. உள்ளே வைத்த ஃபோம் சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தபடியே இருந்தது. ஃபோமை மட்டும் விமானச் சாமான் விற்கிற இடத்தில் வாங்கிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொன்னேன், கூடுதலாக 90 டாலர், கூடவே கடைக்காரரின் ஒரு முறைப்பு.

கிட் வந்தபோது 1.9 கிலோ, எல்லாம் முடித்துத் தராசில் வைத்தால் 3.4. பட்டி தின்ற எடை. ஆர்ம்ரெஸ்ட் மூடிக்கு அவர்கள் கொடுத்த காந்தப் பூட்டையும் கழற்றி எறிந்தேன், காம்பஸ் இருக்கும் வீட்டில் காந்தம் எதற்கு, ஒரு சாதாரணக் கொக்கி போதும்.

வாங்கலாமா என்று கேட்டால், வளைவுகளை நீங்களே வார்க்கப் பொறுமை இல்லை என்றால் வாங்குங்கள், ஆனால் ரம்பம் வைக்க மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வாங்குங்கள். என்னிடம் மிச்சமிருக்கும் குழித் துண்டு ஹேங்கர் மேஜையில் ரிவெட் போட்டுவைக்கிற கிண்ணமாக இருக்கிறது, அதற்கு அளவு கச்சிதம்.