பெசாக் தள்ளுபடியில் கோஷர் வெள்ளை ஒயின் பெட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

யூதர்களின் பெசாக் (பாஸ்கா) பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் கோஷர் ஒயினை, அதாவது யூத உணவு விதிகளின்படி செய்த ஒயினை, ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். "ஆறு நறுமண வெள்ளை ஒயின்கள். எல்லாம் புது வரவு, மெவுஷால் இல்லாதவை, இனிப்பில்லாதவை" என்று ஒரு கடை பெட்டியாக விற்றது. (மெவுஷால் என்பது சூடாக்கிப் பதப்படுத்திய கோஷர் ஒயின்; கீழே விளக்குகிறோம்.) தனித்தனியாக வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வந்து இறங்கிய பெட்டியைப் பார்த்தால், சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றுகூடச் சரியில்லை. கடையின் பெயரை இங்கே போடவில்லை. வேறு கடைகளும் இதே வேலையைச் செய்ய முடியும் என்பதால், எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

பெட்டியில் இருந்தவை: கெவுர்ட்ஸ்ட்ராமினர் இரண்டு, மஸ்கட் இரண்டு, இஸ்ரேல் ரீஸ்லிங் ஒன்று, சோவின்யோன் பிளாங் ஒன்று. விளம்பரத்தில் எதற்குமே அறுவடை ஆண்டு போடவில்லை. படத்தில் தெரிந்த பதக்க ஸ்டிக்கர் வேறொரு ஆண்டின் ஒயினுக்குக் கிடைத்தது. ஆண்டு போடாத நறுமண வெள்ளை ஒயினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காரணம் இதுதான். கோஷர் ஒயின் வியாபாரத்தின் உச்சம் பெசாக். அப்போது விற்காமல் தங்கிய வெள்ளை ஒயின், கிடங்கில் ஒரு கோடையைக் கழித்துவிட்டு அடுத்த பெசாக்குக்குத் தள்ளுபடிப் பெட்டியில் ஏறுகிறது. நல்ல சிவப்பு ஒயின் இதைத் தாங்கலாம். மஸ்கட்டும் சோவின்யோன் பிளாங்கும் தாங்காது. மஸ்கட்டின் பூ வாசத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் என்ற சேர்மங்கள் ஒயினின் புளிப்பிலும் சூட்டிலும் மெல்ல உருமாறி மணம் மங்கிப்போகும். சோவின்யோன் பிளாங்கின் பேஷன் பழ வாசனையைக் கொடுக்கும் தயோல் எஸ்டர் என்ற சேர்மம் அதைவிட வேகமாகச் சிதையும். இரண்டு, மூன்று வருடம் போனால் டப்பாவில் அடைத்த பீன்ஸ் வாசனைதான் மிஞ்சும். எங்களுக்கு வந்த சோவின்யோன் பிளாங் 2020 அறுவடை. அதில் பழ வாசனை துளியும் இல்லை.

கெவுர்ட்ஸ்ட்ராமினர் நிலைமை இன்னும் மோசம். ஃபாயிலை உரித்தபோது உட்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியது. கார்க் பாட்டில் வாயைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்பி நின்றது. வெளியே இழுத்த கார்க்கின் பக்கவாட்டில், அடியிலிருந்து நுனிவரை ஒயின் ஏறிய கறை ஒரு கோடாகத் தெரிந்தது. வெயிலில் சூடேறிய ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும்போது பெரும்பாலும் இப்படி ஆகும். ஆறியதும் ஒயின் சுருங்கி, அதே வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

புகார் செய்ததற்குக் கடைக்காரர் சொன்ன பதில்: "இந்தத் திராட்சை ஒயின் பொன் நிறமாகத்தான் இருக்கும், கடைசியில் கசக்கத்தான் செய்யும்." இதில் பாதி உண்மை. கெவுர்ட்ஸ்ட்ராமினர் திராட்சையின் தோல் இளஞ்சிவப்பு, அதனால் ஒயினின் நிறம் மற்ற வெள்ளைகளைவிட ஆழமாகவே இருக்கும். புளிப்பு குறைவு, விழுங்கிய பிறகு லேசான கசப்பும் உண்டு. ஆகவே நிறத்தையும் கசப்பையும் மட்டும் வைத்துக் கெட்டதென்று தீர்மானிக்கக் கூடாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். நல்ல பாட்டிலில் ரோஜாவும் லிச்சியும் கண்ணாடிக் கோப்பையைக் கிட்டே கொண்டுவரும்போதே எட்டும். கெட்டதில் அவை போய், நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிளும் பழைய வால்நட்டும் மணக்கும். கசப்பு மட்டும் தனியாக நிற்கும். எங்கள் பாட்டில்கள் இரண்டும் இந்த இரண்டாம் வகை.

அடுத்து மெவுஷால். யூதர் அல்லாதவர் கையாண்டாலும் கோஷர் நிலை கெடாமலிருக்க ஒயினைச் சூடாக்கும் முறை இது. இப்போது பெரும்பாலும் தகடு வெப்பமாற்றியில் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசுக்குமேல் சிறிது நேரம் சூடாக்கி உடனே குளிர வைக்கிறார்கள். நொதிக்கும் முன்பே சாறாக இருக்கும்போது சூடாக்கினால் வாசனைக்கு இழப்பு குறைவு, ஏனென்றால் நொதித்தலில் உருவாகும் மணங்கள் அதற்குப் பிறகுதான் பிறக்கின்றன. கலிபோர்னியாவிலிருந்து வரும் மெவுஷால் வெள்ளைகளில் மிக நல்லவை உண்டு. அதனால் மெவுஷால் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது தவறு. ஆனால் இல்லை என்று சொல்லி விற்றுவிட்டு, பின் லேபிளில் கோஷர் முத்திரைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மெவுஷால்' என்று இருந்தால் அது மோசடி. மஸ்கட் இரண்டும் அப்படித்தான் வந்தன. லேபிளில் எங்குமே அந்தச் சொல் இல்லையென்றால், மெவுஷால் அல்லாதது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பும் அப்படித்தான். ரீஸ்லிங்கின் லேபிளில் எபிரேயத்தில் 'ஹட்சி யாவேஷ்', அதாவது பாதி உலர் (ஓரளவு இனிப்புள்ளது; 'உலர்' என்றால் இனிப்பில்லாதது). வாசனையை வைத்து இனிப்பைக் கணிக்க முடியாது. துளி சர்க்கரையில்லாத மஸ்கட்டும் முகர்ந்தால் இனிப்பாகத்தான் தோன்றும். லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று கடையிடம் எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய விதிப்படி 4 கிராம் வரை உலர் ரகம், புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 வரை.

அந்த ரீஸ்லிங்கில் இதைவிடப் பெரிய சிக்கல் அதன் ஆண்டு: 2022. லேசான மண்ணெண்ணெய் வாடை குற்றமில்லை, ரீஸ்லிங்குக்கு வயதாக ஆக வருவதுதான், வெப்பப் பகுதிகளில் சீக்கிரமே வரும். ஆனால் 2021 செப்டம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை ஷ்மிட்டா ஆண்டு, யூத மரபுப்படி இஸ்ரேலில் நிலத்துக்கு ஓய்வு தரும் ஏழாம் ஆண்டு. அந்த அறுவடையின் ஒயினை 'ஓட்சார் பெய்த் தின்' (மத நீதிமன்றத்தின் மேற்பார்வையில் விநியோகிப்பது), 'ஹெதர் மெக்கிரா' (நிலத்தை யூதர் அல்லாதவருக்குப் பெயரளவில் விற்றுவிடுவது) என்ற இரு ஏற்பாடுகளின் வழியாகத்தான் பொதுவாக விற்கிறார்கள். கறாராகக் கடைப்பிடிக்கும் பல குடும்பங்கள் இரண்டாவதை ஏற்பதில்லை. இஸ்ரேலுக்கு வெளியே கொண்டுபோவதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2015 அறுவடைக்கும் இதே கதை, இனி 2029க்கும் வரும். இதைச் சொல்லாமல் பெசாக் மேசைக்கென்று விற்பது வாங்குகிறவரின் நம்பிக்கையோடு விளையாடுவது. எங்களுக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான்.

திறக்காத பாட்டில்களையும் கடை திரும்ப எடுக்கவில்லை. "கோஷர் சரக்கு, திரும்பப் பெற மாட்டோம்" என்றார்கள். முத்திரை உடையாத பாட்டிலைத் திரும்ப வாங்கக் கோஷர் விதி எதுவும் தடையில்லை. மெவுஷால் அல்லாத ஒயின் யூதர் அல்லாதவர் கையில் போகும்போது இரட்டை முத்திரை வேண்டும் என்பதே விதி, கார்க்கும் ஃபாயிலும் சேர்ந்து அதைக் கொடுக்கின்றன. ஆகவே பெட்டி வந்ததும் ஃபாயில் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மெவுஷால் அல்லாத பாட்டிலில் அது கிழிந்திருந்தால், ஒயின் நன்றாகவே இருந்தாலும் கடைப்பிடிக்கும் வீட்டில் ஏற்காமல் போகலாம்.

பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, கால் மணி நேரம் வெளியே விடுங்கள். 10 டிகிரியை ஒட்டி வரட்டும், அதைவிடக் குளிர்ந்தால் குறைகள் ஒளிந்துகொள்ளும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் 60 மில்லி ஊற்றி, சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். பாதியை அப்படியே வைத்து 12, 13 டிகிரிக்கு ஏறியதும் மறுபடி பாருங்கள். சூடுபட்ட ஒயினின் வேகவைத்த ஆப்பிள் வாடை அப்போதுதான் நன்றாக வெளிப்படும். மெல்லிய நுரையுள்ள மொஸ்காட்டோ என்றால் ஊற்றியதும் குமிழ் எழ வேண்டும். 5, 6 சதவீத ஆல்கஹாலும் நிறைய சர்க்கரையும் உள்ள அந்த ஒயின், குமிழ் போனால் வெறும் பாகு.

ஆர்டர் போடும்போதே அறுவடை ஆண்டு, மெவுஷாலா இல்லையா, சர்க்கரை அளவு மூன்றையும் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பாட்டிலின் மேல் அச்சிட்ட லாட் எண்ணையும் (எந்தத் தொகுதியில் நிரப்பியது என்று காட்டும் எண்) எழும்பிய கார்க்கையும் திறக்கும் முன்பே படமெடுங்கள். கார்டு நிறுவனத்தில் தகராறு பதிய இவைதான் உதவும், எங்கள் பணத்தில் ஒரு பகுதி அப்படித்தான் திரும்பி வந்தது.

யூத நண்பர் வீட்டு செடர் விருந்துக்கு, அதாவது பெசாக் இரவு விருந்துக்கு, போகிற நம்மவர்களுக்கு ஒன்று. மெவுஷால் என்று லேபிளில் தெளிவாக இருக்கும் பாட்டிலையே எடுத்துப் போங்கள், அதில் பெசாக்குக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கட்டும். நீங்களே திறந்து ஊற்றாமல், முத்திரையோடு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள்.