ஆறு எபிசோடு வரை ஒழுங்காக ஓடிய ரயில்

‘இரும்புக் கோட்டையின் கபனேரி’ என்ற ஜப்பானிய அனிமே தொடரை யாருக்காவது பரிந்துரைக்கலாமா வேண்டாமா என்று எனக்கு எப்போதும் ஒரு இழுபறிதான். முதல் பாதியை நினைத்தால் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். இரண்டாம் பாதியைப் பார்த்துவிட்டு வந்து என்னைத் திட்டுவார்களே என்று வாயை மூடிக்கொள்வேன். 2016 ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிந்த தொடர், மொத்தமே 12 எபிசோடு. விட் ஸ்டுடியோ தயாரிப்பு, டெட்சுரோ அராக்கி இயக்கம், ஹிரோயுக்கி சவானோ இசை. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முதல் சீசனைக் கொடுத்த அதே கூட்டணி. மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையிலிருந்து எடுக்கவில்லை, திரைக்கென்றே யோசித்த கதை. அதனால் ‘மூலத்தை வெட்டிவிட்டார்கள்’ என்று யார் மேலும் பழி போட முடியாது.

கதைக்களம் இதுதான். நீராவி இயந்திரங்கள் வந்த காலத்து ஜப்பான் மாதிரி ஒரு நாடு. கபனே என்னும் நடைப்பிணங்கள் எங்கும் பரவிவிட்டன. அவற்றின் இதயத்தைச் சுற்றி இரும்பு உறை இருப்பதால் சாதாரணமாகச் சாகாது. மனிதர்கள் பெரிய மதில் கட்டி, ரயில் நிலையங்களையே ஊராக்கிக்கொண்டு உள்ளே வாழ்கிறார்கள். ஊருக்கு ஊர் போக ஒரே வழி கவச ரயில். வந்து இறங்குபவர்களுக்குக் கடி விழுந்திருக்கிறதா என்று சோதனை நடக்கும். சந்தேகம் வந்தாலே சாமுராய்கள் சுட்டுவிடுவார்கள். இதை எழுதும்போதே எனக்கு மறுபடி பார்க்கலாம் போலிருக்கிறது, அப்படிப்பட்ட களம்.

நாயகன் இகோமா ரயில் பட்டறைத் தொழிலாளி. நான் லேத் பட்டறையில் வேலை செய்பவன், எனக்கு அவனை முதல் காட்சியிலேயே பிடித்துப்போனது. கபனேயின் இதய உறையைத் துளைக்க அவனே இரவுகளில் ஒரு கருவி செய்கிறான். தூரத்திலிருந்து சுட்டுப் பயனில்லை, கிட்டத்தில் போய் நெஞ்சோடு வைத்து அழுத்த வேண்டும். அப்படிச் சோதிக்கும்போதே கையில் கடி வாங்கிவிடுகிறான். அடுத்து வரும் சில நிமிடங்களைத்தான் இந்தத் தொடரின் உச்சம் என்பேன். நஞ்சு மூளைக்கு ஏறிவிடக் கூடாது என்று தன் உடம்பையே வேலைக்கு மாட்டிய உருப்படி மாதிரி நினைத்து, கையில் இரும்பை அடித்து இறக்கி, கழுத்தை இறுக்கிக்கொள்கிறான். பிழைத்தும் விடுகிறான், பாதி மனிதனாக, பாதி கபனேயாக. அப்படிப்பட்டவன்தான் கபனேரி. அந்தக் காட்சியிலேயே அவன் எப்படிப்பட்ட ஆள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது: பயந்தாலும் கை நிற்காது.

அப்புறம் ஊர் விழுகிறது. தப்பித்தவர்கள் எல்லோரும் ஒரே ரயிலில். இங்கேதான் களம் தன் வேலையைச் செய்கிறது. பயணிகளில் ஒரு கர்ப்பிணி. கடிபட்டதை மறைத்து வைத்திருக்கிறாள். இகோமாவைப் போலவே பாதி கபனேயான முமே என்ற சின்னப்பெண் அவளைக் கொல்கிறாள். எல்லோரையும் காப்பாற்றிய செயல்தான். ஆனால் பெட்டியில் இருப்பவர்கள் முமேவைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. அவர்கள் பயத்தில் தப்பு சொல்ல முடியாது, முமே செய்ததிலும் தப்பு சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இந்த இருவருக்கும் குடிக்க மனித ரத்தம் வேண்டும் என்று தெரியவருகிறது. ரயிலுக்குத் தலைமை தாங்கும் ஆயாமே தன் கையைக் கீறிக் கொடுக்கிறாள். யாருக்குப் பசி, யார் ரத்தம் தருவது, நிலக்கரி எவ்வளவு நாள் வரும் என்று எல்லாமே கேள்வி. இன்னொரு எபிசோடில் தண்டவாளத்தை இடிபாடு மறித்துக் கிடக்கும். அதைத் தூக்க கிரேன் ஓட வேண்டும், கிரேன் ஓட பாய்லர் சூடாக வேண்டும், பாய்லரைச் சுற்றிலும் கபனே. சண்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் ரயிலிலிருந்தே பிறக்கிறது.

ஏழாவது எபிசோடில் பீபா வருகிறான். நாட்டை ஆளும் ராணுவத் தலைவரான ஷோகனின் மகன், நீண்ட முடி, மெல்லிய குரல். பார்த்ததும் வில்லன் என்று குழந்தைக்கும் தெரியும். அவன் வந்ததும் கதை அவன் பின்னாடியே போய்விடுகிறது. சின்ன வயதில் அப்பா தன்னைப் போர்முனையில் கைவிட்டார் என்ற கோபத்தில் நிலையங்களின் கதவுகளை உடைத்துக் கபனேயை உள்ளே விடுகிறான். வலியவன்தான் வாழ வேண்டுமாம். அதையே நாலு விதமாகப் பேசுகிறான். கடைசியில் தலைநகரில் ராட்சச உருவம், இடிந்து விழும் கட்டடங்கள், ஒரு வாள் சண்டை, முடிந்தது.

கதை அமைப்பு இச்சிரோ ஒக்கோச்சி. ‘கோட் கியாஸ்’ என்ற அனிமே தொடரை எழுதியவர். அதிலும் ஆட்சியில் இருக்கும் அப்பாமேல் வெறுப்பு கொண்ட ஒரு இளவரசன்தான், அங்கே அது அபாரமாக எடுபட்டது. ஏனென்றால் அந்த இளவரசன் லெலூஷ் முதல் எபிசோடிலேயே இருக்கிறான், அவன்தான் நாயகன், அவன் கோபத்தை வளர்க்க இரண்டு சீசனில் 50 எபிசோடு இருந்தன. அந்தக் கோபத்தைக் கொண்டுவந்து 12 எபிசோடுத் தொடரின் ஏழாவது எபிசோடில் இறக்கினால் யார் தாங்குவது? கர்ப்பிணிக்காகக் கலங்கிய நமக்கு, பீபாவின் பழைய கதையைக் கேட்டு ஒன்றுமே ஆகவில்லை. போதாததற்கு, முதல் பாதியில் நம்மை உட்கார வைத்த கேள்விகள் அத்தனையும் காணாமல் போகின்றன. ரத்தம் யார் தருகிறார்கள்? நிலக்கரி? பயணிகளுக்கு இவ்விருவர்மேல் இருந்த பயம்? யாரும் பேசுவதில்லை. இகோமாவின் நண்பன் தக்குமி இறக்கும் இடம் மனதைப் பிசைய வேண்டியது, பீபாவின் கொடுமைக்கு இன்னொரு சான்றாகக் கடந்து போகிறது. முமேவின் நிலைமை அதைவிட மோசம். கபனேயைப் பந்தாடிய பெண், பாதித் தொடருக்குப் பிறகு, ‘அண்ணா’ என்று அவள் அழைக்கும் பீபா சொன்னதைச் செய்யும் பொம்மை.

எபிசோடு போதவில்லை என்று சிலர் வாதாடுவார்கள். ‘தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ என்ற அனிமேயின் இரண்டாம் சீசனுக்கு வேண்டுமானால் அதைச் சொல்லலாம். மங்காவில் 181 அத்தியாயம், முதல் சீசன் முடித்தது 37, மிச்சத்தை 2021-ல் 11 எபிசோடில் அடைத்து, கடைசியில் அசையாப் படங்களாக ஓட்டி முடித்தார்கள். அது திணிப்பு. இங்கே எதைத் திணிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது முழுக்க இவர்கள் கையில்தான் இருந்தது. ரயில் இன்னும் நாலு நிலையம் போயிருந்தாலே போதும். அராக்கிக்கு இது புதிதும் இல்லை. அவர் முன்பு இயக்கிய ‘கில்ட்டி கிரௌன்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் பழக்கப்பட்ட ஒன்று.

படத்தின் அழகில் குறையே இல்லை, அதுதான் கடுப்பு. முகங்களின் கிட்டக் காட்சிகளுக்கென்றே தனியாக ஒப்பனை அனிமேட்டர்களை வைத்து, கண்ணிமையும் உதடும் ஓவியம் போல் மின்ன வைத்திருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் கேட்டால் சவானோவின் இசையோடு ரயில் கிளம்பும்போது மயிர்க்கூச்செறியும். கடைசி எபிசோடில்கூட இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன.

என் யோசனை, ஆறாவது எபிசோடு வரை பாருங்கள். ஏழாவதில் வரும் திருவிழா இரவு அழகானது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கேயே நிறுத்திவிட்டு, 2019-ல் வந்த ‘உனாட்டோ’ படத்துக்குத் தாவிவிடுங்கள். தொடருக்குப் பிந்தைய கதை, கொஞ்ச நேரப் படம்தான், மறுபடி கபனேதான் எதிரி. இடையில் என்ன நடந்தது என்று குழம்ப வேண்டாம். பீபா என்று ஒருத்தன் வந்தான், நிறையப் பேசினான், செத்தான். அவ்வளவு தெரிந்தால் போதும்.