பெயரைத் தேட எந்த ஃபங்ஷன்?

வெள்ளவத்தையில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்காக, டொமைன் பெயரைத் தேடி அதன் ஐபி முகவரியைத் தரும் இரண்டு சி மொழி ஃபங்ஷன்களுக்கு (gethostbyname, getaddrinfo) தமிழில் விளக்கம் எழுதுகிறேன்.

கெட்ஹோஸ்ட்பைநேமுக்கு நாலு வரி போதும்: பெயரைக் கொடு, முகவரியை வாங்கு. ஆனால் ஐபிவி6 எனும் புதிய, நீளமான முகவரிகளின் உலகுக்கு அது உதவாது. போசிக்ஸ் என்ற இயங்குதளத் தரநிலையின் 2008 பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள்.

கெட்அட்ரஇன்ஃபோவுக்கு விளக்கம் நீளும், நீளத்தான் வேண்டும். பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6 இரு வகை முகவரிகளும் சங்கிலிப் பட்டியலாக (ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் பட்டியல்) வரும். முதல் முகவரி இணையாவிட்டால் அடுத்ததை முயல வேண்டும்; அப்புறம் ஃப்ரீஅட்ரஇன்ஃபோ (freeaddrinfo) ஃபங்ஷனால் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாத விளக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். படிப்பவர் நினைவகத்தைக் கசியவிடப் பழகிவிடுவார்.

'.இலங்கை' என முடியும் பெயர் என்றால், இரண்டிலும் பியூனிகோடாக (தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்து, எண்களால் குறிக்கும் வடிவம்) மாற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு. நம் பிள்ளைகளுக்கு அந்த உதாரணம்தான் முதலில்.