நெல்லுக்குப் பூச்சி எதிர்ப்பு: பி.டி. மரபணுவா, நெல்லின் சொந்த மரபணுவா?

நெற்பயிருக்குப் பூச்சி எதிர்ப்பை ஊட்ட இரண்டு வழிகள் எதிரெதிரே வைத்துப் பேசப்படுகின்றன. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் (பி.டி.) என்னும் பாக்டீரியாவின் மரபணுவை நெல்லுக்குள் புகுத்துவது ஒன்று; நாட்டு ரகங்களிலும் காட்டு நெல்லிலும் இயல்பாகவே உள்ள எதிர்ப்பு மரபணுக்களைக் கலப்பு செய்து கொண்டுவருவது மற்றொன்று. எந்தப் பூச்சிக்கு என்று சொல்லாமல் இவற்றில் எது மேல் என்று கேட்பதில் பொருளில்லை.

குருத்துப்பூச்சியை முதலில் பார்ப்போம். இலை நுனியருகே பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலிலிருந்து வெளிவரும் புழு விரைவிலேயே தண்டைத் துளைத்து உள்ளே போய்விடுவதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர்ப் பருவத்தில் மணி பிடிக்காத வெண்கதிர் நிமிர்ந்து நிற்கும். பல்லாண்டுத் தேடலுக்குப் பிறகும் பயிரிடப்படும் நெல் ரகங்களில் இதற்கு வலுவான எதிர்ப்பு கிட்டவில்லை. பி.டி. நெல்லிலோ நச்சுப் புரதம் தண்டிலேயே இருக்கிறது. அதைத் தின்ற புழுவின் குடற்சுவரில் துளை விழுந்து, அது தீனியை நிறுத்தி மடிகிறது. இங்கே பி.டி.க்கு ஈடான போட்டியே இல்லை என்பது என் கணிப்பு.

புகையானிடம் கதை தலைகீழாகிறது. சாறு உறிஞ்சும் அப்பூச்சியைக் குருத்துப்பூச்சிக்கென வைத்த புரதங்கள் ஒன்றும் செய்வதில்லை. பனித்துளிப் பூச்செடியின் லெக்டின் என்னும் புரதத்துக்கான மரபணுவை நெல்லில் ஏற்றிப் பார்த்ததில் பூச்சியின் வளர்ச்சி குன்றியதே தவிர, அது முற்றாக ஒழியவில்லை. கலப்பு வழியோ வயலிலேயே பயன் தந்திருக்கிறது: 1973-இல் வெளியான ஐ.ஆர்.26 என்னும் நெல் ரகம் புகையானைத் தாங்கியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அதனை வெல்லும் புகையான் பெருகியதால், வேறொரு எதிர்ப்பு மரபணு கொண்ட ஐ.ஆர்.36 அந்த இடத்துக்கு வந்தது. ஒற்றை மரபணுவை நம்பினால் என்ன ஆகும் என்பதை நெல் அப்போதே காட்டிவிட்டது. அது பாக்டீரியாவிலிருந்து வந்ததா நெல்லிலிருந்து வந்ததா என்று பூச்சி பார்ப்பதில்லை. புகையான் பெருக்கத்துக்கு, அதனை உண்ணும் சிலந்திகளைக் கொல்லும் மருந்துகளே பெரிதும் காரணம் என்பதால், 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. குருத்துப்பூச்சிக்கான தெளிப்பைக் குறைக்கும் அளவுக்குப் பி.டி. நெல் சிலந்திகளுக்கும் மறைமுகமாக உதவும்.

பி.டி.யின் மெய்யான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. பருத்திக் காய்ப்புழுக்களில் சில வேறு பல பயிர்களிலும் வளர்வதால், பி.டி. பருத்தியின் நச்சைச் சந்திக்காத புழுக்கள் இயல்பாகவே மிஞ்சுகின்றன; அவற்றின் பூச்சிகளோடு கலப்பதால் நச்சைத் தாங்கும் பூச்சிகள் பெருகுவது தாமதமாகிறது. மஞ்சள் குருத்துப்பூச்சி ஏறக்குறைய நெல்லை மட்டுமே நம்பி வாழ்வதால், பி.டி. அல்லாத நெல்லைப் புகலிடமாகத் திட்டமிட்டே நட வேண்டும். இரு விதைகளையும் கலந்து விதைத்தாலோ, செடிவிட்டுச் செடி தாவும் புழு சாகாத அளவு நச்சை மட்டும் உண்டு பழகிக்கொள்ளக்கூடும். சீனா 2009-இல் ஹுவாஹுய் 1, பி.டி. ஷான்யூ 63 ஆகிய இரு பி.டி. நெல் வகைகளுக்கும் உயிரிப் பாதுகாப்புச் சான்று வழங்கியும் அவை வணிகச் சாகுபடிக்கு வரவில்லை. அவ்வாறு வரும் நாளில், சிறு வயல்களில் புகலிட நெல்லை யார் நடுவது, அதில் விழும் வெண்கதிருக்கு யார் ஈடு தருவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.