இன்சுலின் இல்லை, ஆனாலும் ஊசிதான்

இந்த முறை ஊருக்குக் கிளம்பியபோது பெட்டி கட்டுவதைவிட ஒரு சின்னக் குளிர்ப்பையைத் தயார் செய்யத்தான் அதிக நேரம் ஆனது. ஐந்து வாரப் பயணம். சர்க்கரை நோய்க்காக வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு ஊசியை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கையில் இரண்டு பேனா, அதாவது மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசிகள். ஒன்றில் இரண்டு வாரத்துக்கான மருந்து மிச்சம் இருந்தது. இன்னொன்று பிரிக்காதது, நாலு வாரத்துக்கு வரும்.

இந்த மருந்தைச் சரக்கில் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது, அங்கே உறைந்துபோக வாய்ப்பு உண்டு. கைப்பையில், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடு வைத்திருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்து பார்த்தார்கள், சீட்டைப் பார்த்தார்கள், மூடிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். விமானத்தில் குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். பனிப்பொதியைத் துணியில் சுற்றி, பேனாவை நேராகத் தொடாமல் வைத்தேன். நேர வித்தியாசத்தைப் பற்றியும் கவலை இல்லை. இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேரம் இருந்தால் கிழமையை மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நுழைந்து பேனாக்களை எடுத்து வெளியே வைத்ததுமே அத்தை கேட்டது: "இன்சுலினா? அந்த அளவுக்கு முத்திப்போச்சா?"

அடுத்த ஐந்து வாரத்தில் இந்தக் கேள்விக்கு எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன் என்று கணக்கில்லை. இது இன்சுலின் இல்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டது. சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும், ஈரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்ற உணர்வை மூளைக்குச் சீக்கிரம் கொடுக்கும். உடம்பில் இயற்கையாகச் சுரப்பது இரண்டு நிமிடத்தில் சிதைந்துவிடும். ஒரு வாரம் தாங்குகிற மாதிரி அதை மாற்றியதுதான் ஆராய்ச்சியாளர்களின் வேலை. இந்த வகையில் முதலில் வந்த எக்ஸெனடைடு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் மூலம் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் உமிழ்நீரில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பொருள். இதை மட்டும் அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலை, பிரிக்காத பேனா பனிக்கட்டியாக இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாரோ குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருக்கிறார்கள். உறைந்த மருந்து உருகிய பிறகு பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், ஆனாலும் போடக் கூடாது. பிரிக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனா 30 டிகிரிக்குள் ஆறு வாரம் தாங்கும். அதனால் பழைய பேனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியதைக் குப்பையில் போட்டேன்.

இனி மாற்றுப் பேனா வாங்க வேண்டும். முதலில் போன மருந்துக்கடையில் உள்ளூர் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். எரிச்சல் வந்தது, ஆனால் அவர்கள் செய்தது சரி. இரண்டாவது கடையில் ஒன்றுமே கேட்காமல் எடுத்து நீட்டினார்கள், அதுவும் குளிர்பெட்டியிலிருந்து இல்லை, அலமாரியிலிருந்து. வேண்டாம் என்று வந்துவிட்டேன். செமாகுளுடைடு பெயரில் போலிப் பேனாக்கள் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்திருந்தது. முத்திரை உடையாமல் இருக்கிறதா, பெட்டியிலும் பேனாவிலும் தொகுதி எண் ஒன்றுதானா, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே சீட்டுக்காக ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் போனேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சேவை என்றால் அதுதான். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. சீட்டு எழுதுமுன் அந்த டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய், குறிப்பாக மெடுல்லரி என்ற அபூர்வ வகை இருந்ததா? கணைய அழற்சி வந்திருக்கிறதா? பித்தப்பையில் கல்? ஆரம்பித்தபோது மூன்று மாத சர்க்கரை சராசரி எவ்வளவு, இப்போது எவ்வளவு? வேறு என்ன மாத்திரை? கடைசியாகக் கண்ணைச் சோதித்தது எப்போது?

கடைசிக் கேள்விக்கு நான் விழித்தேன். அந்தச் சராசரியில் 9.4 சதவீதத்திலிருந்து 6.9-க்கு எட்டு மாதத்தில் இறங்கியிருந்தேன், அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். விழித்திரையில் ஏற்கனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம் என்றார் அவர். 2016-இல் வெளியான செமாகுளுடைடு ஆய்வு ஒன்றில், விழித்திரைச் சிக்கல் மருந்து எடுத்தவர்களில் 3.0 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 1.8 சதவீதம். "நல்லா இறங்கியிருக்கு, சந்தோஷம். ஆனா கண்ணைப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் டோஸைப் பேசலாம்" என்றார். நான் வசிக்கும் ஊரில் எட்டு மாதமாக யாரும் இதைக் கேட்கவில்லை. எடை எவ்வளவு குறைந்தது என்று மட்டும் தவறாமல் கேட்டார்கள்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் ஆரம்பநிலைப் புள்ளிகள் சில இருந்தன. சிகிச்சை வேண்டாம், நாலு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். டோஸை ஏற்றும் யோசனையை டாக்டர் தள்ளிவைத்தார். எனக்கும் அதில் வருத்தமில்லை. முன்பு 0.5 மில்லிகிராமிலிருந்து 1-க்கு ஏறியபோது மூன்று நாள் வாந்தி. அந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

இரண்டாவது வாரத்தில்தான் அண்ணன் கதை.

அண்ணனுக்கும் இதே ஊசியை ஓர் இடத்தில் ஆரம்பித்திருந்தார்கள். பேனாவைப் பிடிப்பது எப்படி, வயிற்றிலும் தொடையிலும் இடம் மாற்றிப் போடுவது எப்படி என்று வண்ணப் படங்களோடு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நல்ல தாள்தான். ஆனால் அவர் பல வருடமாகச் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்பதை யாரும் பேசவில்லை. ஊசி தனியாகச் சர்க்கரையைத் தாழவிடுவது அபூர்வம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ கூடச் சேரும்போதுதான் வம்பு. அந்த மாத்திரை சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும்.

டோஸ் ஏற்றிய வாரம். குமட்டலில் இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டார், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு. விடிகாலை அண்ணி என்னை எழுப்பினார். சட்டை நனைய வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். கருவியில் சர்க்கரை 58, ரொம்பத் தாழ்வு. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 69, இன்னொரு முறை கொடுத்த பிறகு 97. தாளின் அடியில் இருந்த எண்ணுக்கு நாலு முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்த டாக்டரிடமே கூட்டிப்போனோம். அவர் கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், அது மறுபடியும் தாழ்த்தலாம் என்று அன்று முழுக்க அடிக்கடி சோதிக்கச் சொன்னார்.

"அப்போ இந்த ஊசியே வேண்டாமா டாக்டர்?" என்று அண்ணன் கேட்டார், விட்டால் போதும் என்ற முகத்தோடு.

நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணனுக்கு முன்பே ஒரு மாரடைப்பு வந்திருக்கிறது, சிறுநீரில் புரதமும் போகிறது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இதில் பலன் அதிகம் என்று டாக்டர் விளக்கினார். இதே வகை மருந்தான லிராகுளுடைடை வைத்து 9,340 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வந்தது. சுமார் நாலு வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் மருந்தில்லாத ஊசி போட்ட குழுவில் 14.9 சதவீதம், மருந்துக் குழுவில் 13.0 சதவீதம். 2024-இல் வந்த இன்னொரு ஆய்வில் செமாகுளுடைடு பெரிய சிறுநீரகப் பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. பிரமாண்டமான எண்கள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஏற்கனவே ஒருமுறை மாரடைப்பைப் பார்த்த வீட்டில் அவை சின்னதாகத் தெரியவில்லை. அண்ணன் தொடர்கிறார்.

டாக்டர் இன்னும் சிலவற்றைச் சொன்னார். வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும், கணையமாக இருக்கலாம். எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வயிறு காலியாகாமல் இருந்தால் உள்ளிருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். அண்ணி தன் பங்குக்குக் கேன்சர் பற்றிக் கேட்டார். எலிகளில் தைராய்டு கட்டி வந்தது உண்மை, மனிதர்களுக்கும் அப்படி வரும் என்று நிரூபணமாகவில்லை, ஆனாலும் மெடுல்லரி வகை குடும்பத்தில் இருந்தால் தரமாட்டோம் என்றார்.

சித்தி மகனுக்கு வேறு கணக்கு. சர்க்கரை கிடையாது, தொப்பைதான். "அக்கா, உங்க பேனாவிலேயே எனக்கும் ஒரு தடவை போட்டுவிடுங்க, முனையை மாத்திக்கலாம்ல?" முனையை மாற்றினாலும் ரத்தம் பேனாவுக்குள் பின்வாங்கியிருக்கலாம், ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது என்றேன். நான் கஞ்சத்தனம் செய்கிறேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டு அம்மாவின் யோசனைதான் பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை உள்ள மகளுக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு இதை வாரம் ஒருமுறை போட்டால் போதாதா என்றார். அவளுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து, இந்த ஊசி அதற்கு மாற்றே இல்லை. இதை மூன்று முறை திருப்பிச் சொல்லி, அவர்கள் டாக்டரிடம் கேட்பதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

திரும்பும்போது விமான நிலையத்தில் அதே குளிர்ப்பை, அதே சீட்டு. சோதனை செய்த பெண் பேனாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்சுலினாம்மா?" என்றார்.

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

"சர்க்கரைக்கு ஊசி" என்றேன். போகச் சொல்லிவிட்டார்.