கறிவேப்பிலைத் தொட்டிக்கு யார் காவல்: டக்கினிட் ஈயா, ஒட்டுண்ணிக் குளவியா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தப் புழுக்களைத் தெரியும். சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரி வேடம் போட்டுக்கொண்டு இலைமேல் சும்மா கிடக்கும், அப்புறம் ஒருநாள் பச்சையாகக் கொழுத்து, கிளையையே மொட்டையடித்துவிட்டுக் காணாமல் போய்விடும். கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி, இரண்டில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்தடித்த இலையை ரசத்தில் போட யாருக்கும் மனசு வராது, அதனால் சமூகத் தோட்டங்களில் பேச்சு இயற்கை எதிரிகள் பக்கம் போகும், போனதும் யாராவது ஒருவர் "குளவி வரட்டும், அது பார்த்துக்கொள்ளும்" என்பார். ஈயைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஈ என்றாலே செய்தித்தாளைச் சுருட்டத்தான் கை போகிறது.

புழுவை உள்ளிருந்து தின்று கொல்கிற விஷயத்தில் குளவிக்குச் சரியான போட்டி டக்கினிட் ஈதான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரத்து இலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குளவி. ஆனால் உயிரியலாகப் பார்த்தால் ஈயின் கதைதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

குடும்பப் பின்னணி ஈக்கு ஒரு மாதிரி, குளவிக்கு வேறு மாதிரி. குளவிகளில் ஒட்டுண்ணி வாழ்க்கை டைனோசர் காலத்திலேயே தொடங்கிவிட்டது, இன்று அது பல குடும்பங்களாகப் பிரிந்து கிடக்கிறது. இக்னியூமனிடே, பிரகோனிடே என்ற இரண்டு குடும்பங்களில் மட்டுமே பெயரிடப்பட்ட இனங்கள் 40,000-ஐத் தாண்டும். ஈக்களிலோ இந்தப் பழக்கம் பல கிளைகளில் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. அதில் பெரிய வெற்றி டக்கினிடே குடும்பம். ஏறக்குறைய 8,500 இனங்கள், வாழ்க்கை தெரிந்த அத்தனையும் ஒட்டுண்ணிகள். ஊதா ஈ, சதை ஈ எல்லாம் சேர்ந்த ஈஸ்ட்ராய்டியா என்ற பெருங்குடும்பத்துக்குள் இது வருகிறது. உள்ளே நான்கு துணைக்குடும்பங்கள்: எக்ஸோரிஸ்டினே, டக்கினினே, டெக்சினே, ஃபேசினே. மரபணு ஆய்வுகள் முதல் இரண்டை ஒரு பக்கமும் மற்ற இரண்டை இன்னொரு பக்கமும் நெருங்கிய உறவாக வைக்கின்றன. டக்கினினே மட்டும் இன்னும் குழப்பம்தான், எங்கும் பொருந்தாததையெல்லாம் அதில் போட்டுவைத்த மாதிரி இருக்கும்.

அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கைப்பேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். பின்புறம் விறைத்த மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் பருத்த ஈ, முதுகின் கடைசியில் உள்ள சிறு மடலுக்குக் கீழே இன்னொரு உப்பல் தனியாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது டக்கினிட். வீட்டு ஈயில் அந்த உப்பல் கிடையாது.

முட்டையிடுவதில்தான் இரண்டும் அடியோடு வேறுபடுகின்றன. குளவிக்கு ஊசி உண்டு, புழுவையோ முட்டையையோ கூட்டுப்புழுவையோ குத்தி உள்ளே முட்டையை இறக்கிவிடும், வேலை முடிந்தது. ஈக்கு அப்படிப் பரம்பரையாக வந்த ஊசி இல்லை, அதனால் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறது. எக்ஸோரிஸ்டா வகை, கண்ணால் பார்க்கக்கூடிய வெள்ளை முட்டையைப் புழுவின் தோலில் ஒட்டும், அதுவும் புழுவின் வாய் எட்டாத இடமாகப் பார்த்து, பல சமயம் தலைக்குச் சற்றுப் பின்னால். பொரிப்பதற்குள் புழு தோலுரித்துவிட்டால் முட்டையும் தோலோடு போச்சு. அதே துணைக்குடும்பத்தில் இன்னொரு கூட்டம் புழுவைத் தொடுவதே இல்லை: தூசி அளவு முட்டைகளை நூற்றுக்கணக்கில், சில இனங்கள் ஆயிரக்கணக்கில், புழு கடிக்கும் இலைமேல் தூவிவிடும், இலையோடு முட்டையும் உள்ளே போய்க் குடலில் பொரிக்கும். டெக்சினேயிலும் டக்கினினேயிலும் பல இனங்கள் பொரிக்கத் தயாரான முட்டையை வெளியே இட, சின்னஞ்சிறு புழு தானே ஊர்ந்துபோய் இரையைத் தேடும், அல்லது இலையில் நிமிர்ந்து நின்று காத்திருக்கும். கொம்ப்சிலுரா கொன்சின்னாட்டா என்ற ஈ வயிற்றடியில் ஒரு கூர்முள்ளை வளர்த்துக்கொண்டு அதால் துளைத்து, முட்டைக்குப் பதில் உயிருள்ள குட்டிப்புழுவையே செலுத்துகிறது. ஆர்மியா ஓக்ரேசியா என்ற டக்கினிட் ஈ, இரவில் ஆண் சுவர்க்கோழி எழுப்பும் ஒலியைக் காதால் கேட்டு அதன் இருப்பிடத்துக்கே போய்விடும்.

இலைமேல் முட்டை தூவும் வழியில் வீணாவது ஏராளம், ஆனால் புழு இலையைச் சுருட்டி ஒளிந்திருந்தாலும் சாப்பிட வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

உடலுக்குள் போனபிறகு நடப்பதிலும் ஈயும் குளவியும் இப்படித்தான் வேறுபடுகின்றன. எந்தப் புழுவும் அந்நியப் பொருள் உள்ளே வந்தால் ரத்த அணுக்களை அனுப்பி அதைச் சுற்றிக் கட்டி மூச்சுத் திணறடிக்கும். குளவிகள் இதைத் தடுக்க விஷம் செலுத்தும், பிரகோனிட் குளவிகளில் ஒரு பெரிய கூட்டம் அதோடு ஒரு வைரஸையும் சேர்த்து அனுப்பும், அந்த வைரஸின் மரபணு குளவியின் சொந்த மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அது புழுவின் எதிர்ப்புச் சக்தியை முடக்கிவிடும். ஈக்களில் அப்படி ஒரு வைரஸ் கூட்டாளி கிடையாது. சில இனங்கள் நரம்பு முடிச்சுக்குள்ளோ தசைக்குள்ளோ போய் ஒளிந்துகொள்கின்றன. மற்றவை அந்தக் கட்டுமானத்தையே தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன: ரத்த அணுக்கள் சுற்றிக் கட்டக் கட்ட, ஈப்புழு தன் பின்முனையைப் புழுவின் தோலிலோ மூச்சுக்குழலிலோ துளையிட்டுச் செருகி வைத்திருக்கும், கட்டப்பட்ட சுவர் அதைச் சுற்றி ஒரு புனலாக இறுகும். பின்முனையில்தான் அதன் மூச்சுத்துளைகள். கொல்ல வந்த சுவர் வழியாகவே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுகிறது. இதைப் படித்தபிறகு ஈயை வெறுக்க எனக்கு முடியவில்லை.

சரி, இலைக்கு வருவோம். இந்தப் புழுக்கள் தின்னும் மொத்தத்தில் பெரும்பகுதி கடைசிப் பருவத்தில்தான் போகிறது. டிரைக்கோகிராம்மா போன்ற முட்டைக்குளவி வந்தால் புழுவே பிறக்காது, இலை முழுசாக உங்களுக்கு. புழுவைத் தாக்கும் கொடேசியா வகைக் குளவிகள் பெரும்பாலும் அது முழு வளர்ச்சி அடையும் முன்பே வெளியேறி, அருகில் சின்னச் சின்னப் பட்டுக்கூடுகள் கட்டும். ஈயோ புழு நன்றாகத் தின்று கொழுக்கும்வரை பொறுத்திருக்கும். பல சமயம் அது கூட்டுப்புழு ஆனபிறகுதான் ஈப்புழுக்கள் துளைத்து வெளியே வரும், சில இனங்களில் மெல்லிய வெள்ளை இழை தொங்க மண்ணில் இறங்கும். அதாவது ஈ காப்பாற்றுவது அடுத்த தலைமுறை இலையை. இன்றைக்குச் சாம்பாரில் போட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பெரிய நிலத்தில் இருவரையும் மோதவிட்ட வரலாறும் உண்டு, அதில் தீர்ப்பு ஒரே பக்கம் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1950-களில் குளிர்கால அந்துப்பூச்சி ஓக் மரங்களை மொட்டையடித்தபோது, சைசெனிஸ் அல்பிகன்ஸ் என்ற டக்கினிட் ஈயையும் அக்ரிப்போன் என்ற இக்னியூமனிட் குளவியையும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். புழு பெருகிக் கிடந்தபோது அடித்து வீழ்த்தியது ஈ. இலைமேல் முட்டையிடும் வகை அது, கடிபட்ட ஓக் இலையின் வாசனையைத் தேடி வரும். பிற்பாடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அதே பூச்சி வந்தபோதும் 2005 முதல் இந்த ஈயைத்தான் விட்டார்கள். பிரேசில் கரும்பில் கதை தலைகீழ்: தண்டுத் துளைப்பானுக்கு முதலில் அமேசான் ஈ, கியூபா ஈ என்று டக்கினிட்டுகளை வளர்த்துக்கொண்டிருந்தவர்கள், 1970-களில் கொடேசியா ஃபிளாவிபெஸ் குளவி வந்ததும் மெல்ல அதற்கு மாறிவிட்டார்கள். ஒரு புழுவிலிருந்து பல டஜன் குளவிகள் கிடைக்கின்றன, ஈ ஒன்றிரண்டுதான். தொழிற்சாலைக் கணக்கில் அது நிற்காது.

ஈயின் பெரிய குறை, வேண்டாத இடத்திலும் கை வைப்பது. மேலே சொன்ன கொம்ப்சிலுராவை 1906-ல் அமெரிக்காவில் ஜிப்சி அந்துப்பூச்சிக்கு எதிராக இறக்கினார்கள். அது கிட்டத்தட்ட 200 இனங்களைத் தாக்கும், ஒன்றுமறியாத பெரிய பட்டு அந்துப்பூச்சிகள்மீதும் பாய்ந்து அவற்றை அரிதாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதாக 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் பக்கத்து மலாயாவிலிருந்து 1925-ல் ஃபிஜிக்குப் போன பெஸ்ஸா ரெமோட்டா என்ற டக்கினிட் ஈ, அங்கே தென்னையை அழித்துக்கொண்டிருந்த லெவுவானா அந்துப்பூச்சியை எவ்வளவு தீவிரமாக ஒடுக்கியது என்றால், அந்தப் பூச்சி அற்றே போனதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. அதே சமயம் சைசெனிஸ் ஏறக்குறைய ஒரே பூச்சியோடு நிற்கிறது, ஆகவே எல்லா டக்கினிட்டையும் ஒரே தராசில் போட முடியாது. பட்டு வளர்க்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களிடம் ஈயைப் புகழ்ந்து பேசிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்: அவர்கள் "ஊசி ஈ" என்று சபிப்பது எக்ஸோரிஸ்டா பாம்பிசிஸ், 1980-ல் கர்நாடகாவுக்குள் நுழைந்து பட்டுப்புழுக்களில் புகுந்த டக்கினிட். அதை அடக்க விடுவது நெசோலிங்ஸ் தைமஸ் என்ற குட்டிக் குளவியை.

சிங்கப்பூரில் இதில் எதையும் கடையில் போய் வாங்க முடியாது. தமிழ்நாட்டில் டிரைக்கோகிராம்மா முட்டை அட்டை கிடைக்கிறதே, ஊருக்குப் போய்வரும்போது இரண்டு கொண்டுவரலாமா என்று ஓர் அக்கா கேட்டார். வேண்டாம், உயிருள்ள பூச்சியை அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. தவிர நம் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் ஈயும் குளவியும் போதும், அவற்றைக் கொல்லாமல் இருந்தால் சரி. கொசுவுக்குப் புகை அடிக்கும்போது இரண்டுமே விழும், அதில் வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் தேன் வேண்டும், ஆனால் வாய் குட்டை, திறந்த சின்னப் பூக்கள்தான் சரிப்படும். இங்குள்ள வெயிலில் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடுகிறது என்று பிடுங்கிப் போடுகிறார்களே, அதை அப்படியே பூக்க விடுங்கள். துளசியும் நன்று.

வண்ணத்துப்பூச்சி வளர்க்கும் ஆட்களுக்கு இந்த அலசல் நேரெதிர், அவர்களுக்கு இரண்டுமே எதிரி. முட்டையாக இருக்கும்போதே எடுத்து வலைக்குள் வைத்தால் ஈயிடமிருந்து ஓரளவு தப்பலாம், கொடுக்கும் இலையை ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவ வேண்டும். முட்டைக்குளவி முந்திக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பாகல், கத்தரி, பயறு போடுகிறவர்கள் விஷயத்தில் என் ஓட்டு ஈக்கு. நாற்றப்பூச்சியின் முட்டையைத் தாக்கக் குளவிகள் உண்டு, ஆனால் வளர்ந்து பறக்கும் நாற்றப்பூச்சியைத் தாக்குவதில் ஃபேசினே துணைக்குடும்பத்து ஈக்களுக்கு இணை இல்லை. இதில் சில, பூச்சி தன் இனத்தைக் கூப்பிட வெளியிடும் வாசனையையே மோப்பம் பிடித்து வந்து சேரும். நாற்றப்பூச்சியின் முதுகிலோ வயிற்றிலோ வெளிறிய முட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நசுக்காதீர்கள். இன்னும் சில நாள் அது சாறு உறிஞ்சத்தான் செய்யும், ஆனால் முட்டையிடுவது குறைந்து நின்றுவிடும், அப்புறம் உள்ளிருந்து வருவது ஈதான்.