கார்க்கசோனா, ஏக்-மோர்த்தா?

தெற்கு பிரான்சில் ஒரே ஒரு கோட்டை நகரம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

அளவு: கார்க்கசோனுக்கு இரட்டை மதில், 52 கோபுரங்கள், சுமார் 3 கிலோமீட்டர். ஏக்-மோர்த்துக்கு ஒற்றை மதில், சுமார் 1.6 கிலோமீட்டர்.

பழமை: இங்கேதான் விஷயமே. கார்க்கசோன் மதிலின் அடிப்பகுதிகள் ரோமானியர் காலத்தவை. ஆனால் போட்டோவில் மயக்கும் கூம்புக் கூரைகள் 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தவை. தெற்கத்தி ஊருக்கு வடக்கத்திக் கூரையா என்ற விமர்சனம் இன்றும் உண்டு. எனக்கும் அது உறுத்தல்தான். ஏக்-மோர்த் மதில் 1272-ல் தொடங்கி, 1300 வாக்கில் முடிந்தது. உருவம் பெரிதாக மாறவில்லை.

கதை: பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி 1248-லும் 1270-லும் சிலுவைப் போருக்குக் கப்பலேறியது ஏக்-மோர்த்தில். அப்புறம், புராட்டஸ்டண்ட் மதத்தைக் கைவிட மறுத்த மரி துரான் 38 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த கான்ஸ்தான்ஸ் கோபுரமும் அங்கேதான். கார்க்கசோனிலும் கதைக்குப் பஞ்சமில்லை, 1209-ல் சிலுவைப் படை நடத்திய முற்றுகை ஒன்றே போதும்.

செலவு: இரண்டிலும் ஊருக்குள் நுழைய இலவசம், மதில்மேல் நடக்க டிக்கெட்.

கூட்டம்: கோடையில் கார்க்கசோன் நெரியும்.

பிள்ளைகளோடு போனாலோ, பிரம்மாண்டம் வேண்டுமென்றாலோ கார்க்கசோன். அதிகம் மாற்றப்படாத இடைக்காலக் கல்லைப் பார்க்க ஏக்-மோர்த். பக்கத்திலேயே உப்பளமும் உண்டு.